சாவுக்கு முன் ஒரு நரம்புக்கலம் செய்வன

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கடலில் கடலட்டைக்காகவும் அலங்கார மீன்களுக்காகவும் மூழ்குவோர் இருபது மீற்றர் ஆழத்தை அடையும்போது, கடல்மட்டத்தில் எல்லோர் மீதும் இருக்கும் வளிமண்டல அழுத்தத்துக்கு மேலதிகமாக அதைப்போல இருமடங்கு அழுத்தம் அவர்களுடைய உடல் முழுவதன் மீதும் ஏறுகிறது. மருத்துவர்கள் அழுத்தத்தை அளக்கும் இரச அலகில் சொன்னால் அது 1,500 மில்லிமீற்றருக்கும் அதிகம். ஆனால் அதே கடற்கரையில், ஒருபோதும் கடலில் இறங்காமல் வீட்டிலும் வயலிலும் வாழ்ந்த ஒருவருடைய கண்ணின் உள்ளழுத்தம் 15 மில்லிமீற்றரிலிருந்து 30 மில்லிமீற்றருக்கு உயர்ந்து சில ஆண்டுகள் அப்படியே நின்றால், அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து கரையத் தொடங்கி, மீளாத குருட்டில் முடியக்கூடும். ஆயிரத்தைந்நூறைத் தாங்கும் உறுப்பு வெறும் பதினைந்துக்குத் தோற்பது எப்படி என்ற கேள்விக்கு விடை காணாமல், குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோயில் விழித்திரைக்கு நேர்வதை விளங்கிக்கொள்ள முடியாது.

கலங்களைத் துன்புறுத்துவது அழுத்தத்தின் அளவன்று, ஓர் எல்லையின் இருபுறமும் உள்ள அழுத்தங்களுக்கு இடையிலான வேறுபாடே. நீரில் மூழ்குபவரின் உடல் பெரும்பாலும் அமுங்காத நீராலும் நீர் செறிந்த இழையங்களாலும் ஆனது. ஆகையால் கடல்நீரின் அழுத்தம் கண்ணுக்குள்ளும், குருதிக்குள்ளும், மூளையைச் சூழ்ந்த மூளைய முண்ணாண் பாய்பொருளுக்குள்ளும் ஒரே அளவில் பரவுகிறது. எல்லாப் பக்கமும் சமமாக ஏறிய அழுத்தம் எதையும் எங்கும் தள்ளுவதில்லை. மூழ்குவோரின் முகமூடி மூக்கையும் சேர்த்து மூடியிருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: மூக்கின் வழியே மூச்சை விட்டு முகமூடிக்குள் உள்ள காற்றின் அழுத்தத்தை வெளிநீரோடு சமப்படுத்தாவிட்டால், அந்த இடைவெளியே கண்ணைச் சுற்றிய மெல்லிய குருதிக் குழாய்களை உறிஞ்சி உடைத்துவிடும். குளுக்கோமாவிலோ கண்ணுக்குள் மட்டும் அழுத்தம் ஏறுகிறது, கண்ணுக்குப் பின்னால் பார்வை நரம்பைச் சூழ்ந்த பாய்பொருளின் அழுத்தம் ஏறுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது அரை மில்லிமீற்றரும் தடிப்பில்லாத ஒரு தட்டு. கண்ணின் பின்சுவரில், பார்வை நரம்பு வெளியேறும் வாயிலில், சில நூறு துளைகளோடு நார்ப்பின்னலாக அமைந்திருப்பதால் அதைச் சல்லடைத் தட்டு என்று அழைக்கலாம். விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் ஒவ்வொரு செய்தியும் இத்துளைகளின் வழியேதான் போகிறது.

உள்ளழுத்தம் ஏறும் விதம் எளிமையானது. கதிராளிக்குப் பின்னால் உள்ள பிசிருடல் என்ற பகுதி நிமிடத்துக்கு இரண்டு முதல் மூன்று மைக்ரோலீற்றர் தெளிந்த நீரைச் சுரக்கிறது; அந்நீர் கண்மணி வழியாக முன்னறைக்கு வந்து, கருவிழியும் கதிராளியும் சந்திக்கும் கோணத்திலுள்ள வலை போன்ற வடிகாலின் ஊடாகக் குருதியில் கலக்கிறது. வடிகால் மெல்ல மெல்ல அடைபட்டால் வலியின்றி அழுத்தம் ஏறும், இதைத் திறந்த கோணக் குளுக்கோமா என்பர். கோணமே மூடிக்கொண்டால் அழுத்தம் சட்டென்று ஏறிக் கடும் வலியும் வாந்தியும் வரலாம், இது மூடிய கோண வகை. குறுகிய நேர ஏற்றத்தைப் பெரும்பாலான கண்கள் பொறுத்துக்கொள்கின்றன என்பதற்குச் சென்னையிலிருந்தே நல்ல சான்று உண்டு. சங்கர நேத்ராலயா மருத்துவமனையின் ஆய்வாளர்கள் யோகப் பயிற்சியாளர்களைச் சிரசாசன நிலையில் வைத்து அளந்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, தலைகீழாக நிற்கும்போது கண்ணழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகிறது. ஆயினும் அப்பயிற்சியாளர்களிடையே நிலையான உயர் அழுத்தம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படவில்லை. குளுக்கோமா ஏற்கெனவே உள்ளவர் சிரசாசனம் செய்வது சரி என்று இதற்குப் பொருளில்லை, அவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது. இந்த ஆய்வு உணர்த்துவது, பொறுத்துக்கொள்ளும் ஆற்றல் கலங்களுக்கு இருக்கிறது என்பதையே; அந்த ஆற்றலுக்குக் கால எல்லை உண்டு என்பதை உணர்த்துவது நோய்.

பொறுத்துக்கொள்ளவேண்டியவை விழித்திரையின் திரட்டுக்கலங்கள். ஒளியை முதலில் பெறும் கோல்கலங்களும் கூம்புக்கலங்களும் விழித்திரையின் ஆழ்ந்த அடுக்கில் இருக்க, அவை தரும் குறிகளை இடையடுக்குகள் பகுத்துச் சுருக்கியபின், அவற்றைத் தொகுத்து மூளைக்கு அனுப்பும் கடைசிக் கலங்களே திரட்டுக்கலங்கள் எனப்படும். ஒரு மனிதக் கண்ணில் அவை ஏறத்தாழ பத்து இலட்சம் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு நீண்ட நரம்பிழையை விழித்திரையின் மேற்பரப்பில் ஓடவிட்டு, சல்லடைத் தட்டில் செங்குத்தாக வளைத்து வெளியேற்றி, ஐந்து சென்றிமீற்றருக்கும் அப்பால் மூளையின் நடுவே உள்ள இலக்கு வரை கொண்டுசெல்கிறது. நரம்பிழைகளுக்குப் பொதுவாகக் காப்பாக அமையும் கொழுப்புறை கண்ணுக்குள் இல்லை. ஒளி தடையின்றிப் புக விழித்திரை தெளிவாக இருக்கவேண்டும் என்பதால் அவ்வுறை தட்டைக் கடந்த பின்னரே தொடங்குகிறது. உறையற்ற இழையில் மின்குறியைக் கடத்த மிகுந்த சக்தி செலவாகும். ஆகவே சக்தியை விளைவிக்கும் இழைமணிகள் தட்டுக்கு முன்னாலுள்ள பகுதியில் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன. உடலமைப்பின் இந்த ஏற்பாட்டில், மிக அதிகமாகச் சக்தி வேண்டியிருக்கும் இடமும் அழுத்த வேறுபாடு மிகக் கூர்மையாக விழும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

அழுத்தம் இவ்விடத்தில் என்ன செய்கிறது என்ற விவாதம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பழையது. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை அமைத்தபின், குளுக்கோமா நோயாளிகளின் பார்வை நரம்புத் தலை குழிவிழுந்திருப்பதை மருத்துவர்கள் கண்டனர். ஜெர்மன் உடற்கூற்றியலாளர் ஹைன்றிஷ் முல்லர் 1858இல் அக்குழியை அழுத்தத்தின் நேரடி விளைவு என்றார். அதே காலத்தில் எட்வர்ட் யேகர் குருதியோட்டக் குறைவே அடிப்படை என்றார். இன்று இரண்டும் உண்மை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன, ஏனெனில் தட்டு வளையும்போது அதன் ஊடே செல்லும் நுண்குழாய்களும் நெருங்குகின்றன. விவாதத்தை வேறு தளத்துக்கு நகர்த்தியது 1974இல் அண்டர்சனும் ஹென்றிக்சனும் குரங்குகளில் செய்த சோதனை. நரம்பிழைக்குள் இருபுறமும் இடையறாது ஒரு போக்குவரத்து நடக்கிறது: கலத்தின் உடலில் தயாரான புரதங்களும் இழைமணிகளும் மூளை நோக்கிச் செல்ல, மூளையிலிருந்து வளர்காரணிகள் திரும்பிக் கலவுடலுக்கு வருகின்றன. கண்ணழுத்தத்தை உயர்த்தியபோது இப்போக்குவரத்து மிகச் சரியாகச் சல்லடைத் தட்டிலேயே தடைப்பட்டது. அவ்வாறு தடைப்படுபவற்றுள் பி.டி.என்.எஃப். என்ற வளர்காரணியும் ஒன்று என்பது பின்னர் தெரியவந்தது. அது தொடர்ந்து வந்துகொண்டிருப்பதே திரட்டுக்கலத்துக்கு உயிரோடிருக்கும்படி சொல்லும் குறிகளில் முக்கியமானது. 1995இல் ஹரி குவிக்லியும் அவருடைய குழுவினரும் இக்கலங்கள் வெறுமனே நசுங்கிச் சாவதில்லை, கலமே தன் பரம்பரையலகுகளின் கட்டளைப்படி தன்னை ஒழுங்காகப் பிரித்தழிக்கும் திட்டமிட்ட சாவை அடைகின்றன என்று காட்டினர். கலம் தானே நிறைவேற்றும் சாவு என்றால் அதற்கு முன் தீர்மானம் ஒன்று இருக்கிறது, தீர்மானத்துக்கு முன் காலம் இருக்கிறது என்று பொருள். இந்நோயின் உயிரியலில் மிகவும் கவனத்துக்குரியது அக்காலத்தில் நடப்பதே.

அக்காலத்தில் நடப்பவற்றுள் பெரும்பகுதியை ஆய்வாளர்கள் எலிகளிடமிருந்து கற்றிருக்கின்றனர். திரட்டுக்கலங்களின் சவ்வில் இழுவையை உணரும் நுண்வாயில்கள் உண்டு. கண்சுவர் இழுபடும்போது அவை திறந்து கல்சியத்தை உள்ளே விடுகின்றன. அளவோடு நுழையும் கல்சியம் ஒரு செய்தி, அளவு மீறினால் அதுவே நஞ்சு. கலத்தின் கிளைகள், அதாவது அண்டைக்கலங்களிடமிருந்து குறிகளைப் பெறும் நுண்ணிய கரங்கள், கலம் சாவதற்கு நெடுநாள் முன்னரே சுருங்கத் தொடங்குகின்றன, இணைப்புகள் குறைகின்றன. இவ்வாறு உள்ளீடு குறைந்த கலம் சோர்ந்துபோகும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் கால்கின்ஸின் ஆய்வுக்கூடம் 2018இல் கண்டது இதற்கு நேர்மாறானது. கிளைகளை இழந்துவரும் கலங்கள், மின்குறி பிறக்கும் இடத்தில் சோடியம் வாயில்களைப் பெருக்கி, முன்பைவிட எளிதில் தூண்டப்படுவனவாகத் தம்மை மாற்றிக்கொண்டு, குறைந்த உள்ளீட்டைக் கொண்டே மூளைக்கு முன்போலச் செய்தி அனுப்ப முயல்கின்றன. ஏற்கெனவே சக்தித் தட்டுப்பாட்டில் உள்ள கலம் இதற்காக மேலும் சக்தியைச் செலவிடுவதால், இந்த ஈடுசெய்தல் நீடித்தால் அதுவே கலத்தைக் களைப்புறச் செய்து சாவை விரைவுபடுத்தக்கூடும். தாக்குப்பிடிப்பதற்காகச் செய்யும் முயற்சியே வலுவைக் கரைக்கும் இந்நிலை குளுக்கோமாவின் உயிரியலில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.

இன்னொரு வகையிலும் கலம் ஒரே அலகாகச் சாவதில்லை. முதுமையில் தானாகவே கண்ணழுத்தம் ஏறும் ஓர் எலிக்குலத்தில், திட்டமிட்ட சாவுக்குத் தேவையான பாக்ஸ் என்ற புரதத்தை றிச்சர்ட் லிபியும் சைமன் ஜோனும் நீக்கிப் பார்த்தபோது, கலவுடல்கள் யாவும் பிழைத்தன, ஆனால் அவற்றின் நரம்பிழைகள் அழிந்தன. உயிரோடிருந்தும் மூளையோடு தொடர்பற்ற கலங்கள் பார்வைக்குப் பயன்படா. எனவே நரம்பிழைக்குத் தனக்கென்று ஓர் அழிவு வழி உண்டு என்பதும், அது கலவுடலின் சாவுக்காகக் காத்திருப்பதில்லை என்பதும் தெளிவாயின. வேறொரு குழு, போக்குவரத்துத் தடை முதலில் வெளிப்படுவது மூளையிலுள்ள மறுமுனையில், இழை இன்னும் முழுமையாகத் தோன்றும் கட்டத்திலேயே என்று 2010இல் காட்டியது. காயம் தட்டில், முதல் இழப்பு மூளையில், கடைசிச் சாவு விழித்திரையில் என்று நோய் மூன்று இடங்களில் வெவ்வேறு வேகத்தில் நடக்கிறது.

திரட்டுக்கலத்தைச் சூழ்ந்திருக்கும் துணைக்கலங்கள் இக்காலம் முழுதும் சும்மா இருப்பதில்லை. விழித்திரையின் தடிப்பு முழுவதையும் தாங்கி நிற்கும் நீண்ட கலங்களுக்கு, அவற்றை விவரித்த அதே ஹைன்றிஷ் முல்லரின் பெயரே வழங்குகிறது. அழுத்தம் ஏறியதும் முல்லர் கலங்கள் தம் உட்சட்டகப் புரதங்களைப் பெருக்கித் தடித்து, நரம்புக்கலங்களைச் சுற்றி மிகையாகச் சேரும் குளுட்டமேற்றை உறிஞ்சி, வளர்காரணிகளைச் சுரந்து காக்க முயல்கின்றன. சல்லடைத் தட்டிலும் பார்வை நரம்பிலும் இதே பணி நட்சத்திரக்கலங்களுடையது. ஒன்றோடொன்று நுண்துளைகளால் இணைந்து ஒரே வலையாகப் பரவியிருக்கும் இவை நரம்பிழைகளுக்குச் சக்திப் பொருளை ஊட்டுகின்றன. கால்கின்ஸின் ஆய்வுக்கூடம் 2020இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இத்துறையின் மிக அழகான முடிவுகளில் ஒன்று எனலாம். ஒரு கண்ணில் மட்டும் அழுத்தம் உயர்த்தப்பட்ட எலிகளில், நலமாக உள்ள மறுகண்ணின் பார்வை நரம்பிலிருந்து நட்சத்திரக்கலங்களின் வலை வழியே சக்திச் சேமிப்பு நோயுற்ற நரம்புக்கு மாற்றப்படுகிறது. அதனால் நோயுற்ற நரம்பு சிறிது காலம் தாக்குப்பிடிக்கிறது, கொடுத்த நரம்பு அதன்பின் வரும் நெருக்கடிக்கு எளிதில் ஆளாகிறது. ஒரு கண்ணின் நோயை அந்தக் கண்ணோடு முடிந்த விடயமாகக் கருதிவந்த மருத்துவப் பழக்கம் இந்த முடிவுக்குப் பிறகு மறுபரிசீலனைக்கு உரியது.

ஆனால் அழுத்தம் குறையாவிட்டால் துணைக்கலங்களின் குணமே மாறிவிடுகிறது. மூளையிலும் விழித்திரையிலும் காவல் செய்யும் மைக்ரோகிளியா என்ற சிறு கலங்கள் முதலில் கிளர்ச்சியுற்று, அழற்சியைத் தூண்டும் மூன்று பொருள்களைச் சுரக்கின்றன. இம்மூன்றும் ஒருங்கே சேர்ந்தால் நட்சத்திரக்கலங்கள் காப்பதைக் கைவிட்டு நரம்புக்கலங்களைக் கொல்லும் பொருளைச் சுரக்கும் நிலைக்கு மாறுகின்றன என்று ஷேன் லிடிலோவும் பென் பாரஸும் 2017இல் காட்டினர். அம்மூன்றில் ஒன்றான சி1க்யூ என்னும் புரதத்தைப் பற்றி பாரஸின் ஆய்வுக்கூடம் 2007இலேயே எழுதியிருந்தது: மூளை வளர்ச்சியடையும்போது வேண்டாத இணைப்புகளைக் குறியிட்டு அகற்றும் அப்புரதம், வளர்ச்சி முடிந்தபின் அடங்கியிருந்து, குளுக்கோமாவின் தொடக்கத்தில் மீண்டும் விழித்திரையில் தோன்றி, நல்ல இணைப்புகளின் மீதே அமர்கிறது. காப்பதற்கென்று இயற்கை வைத்த ஏற்பாடுகள் எந்தப் புள்ளியில் எதிராகத் திரும்புகின்றன என்பதைக் கண்டறிந்தால், அழுத்தத்தைத் தொடாமலேயே கலத்தைக் காக்கும் மருந்து கிடைக்கலாம் என்பதே இன்றைய ஆய்வுகளை இயக்கும் நம்பிக்கை.

கலங்களின் இந்த நீண்ட எதிர்ப்புக்கு ஒரு கொடிய பக்கவிளைவு உண்டு. அது நோயை நோயாளியிடமிருந்து மறைத்துவிடுகிறது. எஞ்சிய கலங்கள் ஈடுசெய்கின்றன, ஒரு கண்ணின் குறையை மறுகண் நிரப்புகிறது, இன்னும் விடுபட்டதை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. வழக்கமான பார்வைப்புலச் சோதனையில் குறை தெளிவாகத் தெரிவதற்குள் திரட்டுக்கலங்களில் கால்பங்குக்கும் மேல் இறந்திருக்கும் என்று, இறந்தபின் தானமாகப் பெற்ற மனிதக் கண்களை எண்ணிப் பார்த்த ஆய்வு மதிப்பிட்டது. இதன் சமூக அளவைத் தமிழ்நாட்டின் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென்மாவட்டங்களில் நாற்பது வயது கடந்த 5,150 பேரைச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த கோணக் குளுக்கோமா இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் அதுவரை தமக்கு அந்நோய் இருப்பதை அறியாதிருந்தனர். சென்னைக் குளுக்கோமா ஆய்வு கிராமங்களில் 1.62 விழுக்காட்டினருக்கும் நகரத்தில் 3.51 விழுக்காட்டினருக்கும் இவ்வகை நோயைக் கண்டது. அவர்களுள்ளும் மிகப் பலர் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களே. நோயுற்ற பலருடைய அழுத்தம் 21 மில்லிமீற்றர் என்ற வழக்கமான எல்லைக்குள்ளேயே இருந்தது. அழுத்த வேறுபாடு பற்றி முன்னர் கூறியதை நினைத்தால் இது வியப்பன்று: தட்டு நலிந்திருந்தாலோ, பின்புறப் பாய்பொருளின் அழுத்தம் குறைவாக இருந்தாலோ, சாதாரண உள்ளழுத்தமே மிகையாகிவிடும். ஆகவே அழுத்தத்தை மட்டும் அளந்து நலம் என்று அனுப்பிவிடுவது போதாது, பார்வை நரம்பின் தலையையும் பார்க்கவேண்டும்.

திருகோணமலை போன்ற மாவட்டத்தில் இதன் பொருள் மிகத் தெளிவானது. கிண்ணியாவிலோ மூதூரிலோ குச்சவெளியிலோ உள்ள ஒருவருக்குக் கண்புரை என்றால் மங்கலே அவரை மருத்துவமனைக்கு அழைத்துவரும். குளுக்கோமாவுக்கு அத்தகைய அழைப்பு இல்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை நகரத்துக்கு வருவதென்றால் படகுப் பாதையில் காத்திருந்தே வரவேண்டியிருந்த மக்களிடம், எந்தத் தொல்லையும் தராத கண்ணைச் சோதிக்க ஒரு நாளை ஒதுக்கும்படி கேட்பது எவ்வளவு பெரிய வேண்டுகோள் என்பதைச் சுகாதாரத் துறையினர் உணர்ந்தே திட்டமிடவேண்டும். யாரை முதலில் சோதிக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை: நாற்பது வயதைக் கடந்தோர், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் உள்ளோர், கண்ணில் பந்தோ மட்டையோ பட்டு அடிவாங்கியோர், கண் சிவந்தபோதெல்லாம் பார்மசியில் ஸ்டீரோயிட் சொட்டுமருந்து வாங்கி நாட்கணக்கில் விட்டுக்கொள்வோர். கடைசியில் சொன்னவர்களைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும், ஏனெனில் அம்மருந்து ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கண்ணழுத்தத்தை உயர்த்தும், உயர்ந்ததை அவர் உணரமாட்டார்.

உறுதியாகப் பயன்தரும் சிகிச்சை இன்றுவரை ஒன்றே, அது அழுத்தத்தைக் குறைப்பது. உயர் அழுத்தம் இருந்தும் நரம்புச் சேதம் இல்லாத 1,600க்கும் மேற்பட்டோரை அமெரிக்காவில் ஐந்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. சொட்டுமருந்து இட்டோரில் 4.4 விழுக்காட்டினருக்கும் இடாதோரில் 9.5 விழுக்காட்டினருக்கும் நோய் தோன்றியது. சுவீடனின் ஆய்வொன்றின்படி, குறைக்கப்படும் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் நோய் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து விழுக்காடு குறைகிறது. கலங்களையே வலுப்படுத்தும் முயற்சிகளில் முன்னிற்பது விற்றமின் பி3இன் ஒரு வடிவமான நிக்கொட்டினமைட்டு. வயதோடு கலங்களில் குறைந்துவரும் சக்திக் காரணி ஒன்றை மீட்பதன் மூலம், மிகுந்த அளவில் கொடுத்தபோது எலிக் கண்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றைக் காத்தது என்று சைமன் ஜோனின் குழு 2017இல் அறிவித்தது. மனிதர்களில் சிறிய ஆய்வுகள் ஊக்கம் தந்திருக்கின்றன, பெரியவை தொடர்கின்றன. அதுவரை மருத்துவரைக் கேளாமல் பெருமளவில் அதை விழுங்குவது ஈரலுக்கு ஆபத்தாகலாம்.

இழந்த கலங்களை மீட்க முடியுமா என்ற கேள்வி இலங்கையில் அடிக்கடி கண்தானத்தோடு சேர்த்தே கேட்கப்படுகிறது, ஏனெனில் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் உலகின் பல நாடுகளுக்குக் கண்களை அனுப்பிப் புகழ்பெற்றது. ஆனால் அத்தானத்தால் மாற்றப்படுவது முன்புறத்தின் தெளிந்த கருவிழி மட்டுமே. திரட்டுக்கலத்தை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற வழியில்லை. மீன்களுக்கு இந்த இக்கட்டு இல்லை. அவற்றின் பார்வை நரம்பு வெட்டுண்டால் மீண்டும் வளர்ந்து மூளையில் உரிய இடத்தைச் சேர்கிறது, விழித்திரை சிதைந்தால் முல்லர் கலங்களே இளநிலைக்குத் திரும்பிப் பிரிந்து புதிய நரம்புக்கலங்களைத் தருகின்றன. பாலூட்டிகளின் முல்லர் கலங்கள் அதே காயத்துக்குத் தழும்பாகவே விடையளிக்கின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொமஸ் றேயின் குழு, மீன்களில் இயங்கும் ஒரு பரம்பரையலகை எலியின் முல்லர் கலங்களில் இயக்கி 2017இல் புதிய நரம்புக்கலங்களையும், மேலும் ஒன்றைச் சேர்த்து 2021இல் திரட்டுக்கலங்களை ஒத்தவற்றையும் பெற்றது. அவ்வாறு பிறக்கும் கலம் பார்வை தரவேண்டுமானால் ஐந்து சென்றிமீற்றருக்கும் நீண்ட இழையை வளர்த்து மூளையின் சரியான புள்ளியில் இணைக்கவேண்டும். அதற்குமுன் அது கடக்கவேண்டியது அதே சல்லடைத் தட்டை. அழுத்தம் குறைக்கப்படாத கண்ணில் பழைய இழைகளுக்கு நேர்ந்தது புதியவற்றுக்கும் நேரும் என்பதால், மீளாக்கத்தை ஆராயும் ஆய்வுக்கூடங்களும் அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டுமருந்தைக் கைவிடும் நாள் ஒன்றைக் கற்பனை செய்வதில்லை.